அரசு ஆராய்ச்சி மானியம்: டோங்காட் பட்டறையிலிருந்து ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டில் எங்கள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கவர்மென்ட் உங்களுக்கு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததாமே, எவ்வளவு?" என்பதுதான். அடுத்த கேள்வி, "திருப்பிக் கட்டணுமா?" முதல் கேள்விக்குப் பதில், 7 லட்சத்து 40 ஆயிரம் ரேண்ட். இரண்டாவதற்கு, வேண்டியதில்லை. இந்த இரண்டு பதிலையும் கேட்டுவிட்டு உடனே விண்ணப்பம் போடக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மிக்ஸிக்கும் செல்போனுக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். வாங்கினால் மூன்று வருடம் நம்மைக் கட்டிப்போடும் ஒரு மானியத்துக்கு, அதுவும் தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு, தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு பீளமேட்டில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் தொழில் கற்றேன். 2009இல் டர்பனில் மோட்டார் சர்வீஸ் வேலைக்கு வந்தேன், 2017இல் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினேன். என் கூட்டாளி டோங்காட்டிலேயே பிறந்தவர், இங்கே நாலாம் தலைமுறை. என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் தம்பி என்பேன். அவருடைய அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் கொட்டகைதான் எங்கள் பட்டறை.

நாங்கள் செய்த பொருள், பாசனப் பம்பு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி. மோட்டார் இழுக்கும் கரண்டை மட்டும் பார்த்து, பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது என்று முன்கூட்டியே விவசாயியின் போனுக்குச் சொல்லும். 2019இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, ஸ்டேஜ் 4 வரை போனபோது இந்த யோசனை வந்தது (ஸ்டேஜ் எண் ஏற ஏற மின்வெட்டு நேரமும் கூடும்). கரண்ட் போய்த் திரும்பும்போது மூன்று ஃபேஸும் ஒழுங்காக வராமல் மோட்டார் எரியும். வாரத்துக்கு நான்கைந்து மோட்டார் காயில் கட்ட வரும். கழற்றிப் பார்த்தால் பாதிக்குமேல் பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். எங்கள் மாகாணத்தின் வடக்கே, பொங்கோலா பக்கம் பாசனம் இல்லாமல் கரும்பு வளராது. அங்கே பத்து நாள் மோட்டார் நின்றால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்பதைக் கொங்கு நாட்டில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, பணத்துக்கு எங்கே போவது? இந்த நாட்டில் சின்னத் தொழில்நுட்பக் கம்பெனிக்கு அரசு பக்கம் சில கதவுகள் உண்டு. வர்த்தக, தொழில் துறையின் எஸ்பிஐஐ (SPII, தொழில்துறைப் புத்தாக்க ஆதரவுத் திட்டம்) 1993இல் தொடங்கியது. அடிப்படை ஆராய்ச்சி முடிந்து, யோசனை வேலை செய்யும் என்று நிரூபித்த இடத்திலிருந்து, உற்பத்திக்கு முந்தைய மாதிரி ஒன்று கையில் வரும் வரைதான் அதன் எல்லை. அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. சின்னக் கம்பெனிகளுக்கான பிரிவில் அதிகபட்சம் 20 லட்சம் ரேண்ட், கொஞ்சம் பெரிய திட்டங்களுக்கான பிரிவில் 50 லட்சம் என்று நாங்கள் படித்த வழிகாட்டியில் இருந்தது. அடுத்தது டிஐஏ (TIA), தொழில்நுட்பப் புத்தாக்கத்துக்கான அரசு முகமை. 2008ஆம் வருடச் சட்டத்தின்கீழ், தனித்தனியாக இருந்த ஏழு அமைப்புகளை ஒன்றாக்கி உருவானது. மூன்றாவது த்ரிப் (THRIP), தொழில்துறைக்கான தொழில்நுட்ப, மனிதவளத் திட்டம். அது பல்கலைக்கழகமோ அரசு ஆராய்ச்சிக் கூடமோ கூட இருந்தால்தான் நகரும். நாலாவதாக வரிச் சலுகை: வருமான வரிச் சட்டம் 11டி பிரிவில், ஆராய்ச்சிக்கு 100 ரேண்ட் செலவழித்தால் 150 ரேண்ட் செலவாகக் காட்டலாம். கம்பெனி வரி 27 சதவீதம், ஆகவே ஒரு ரேண்டுக்குக் கூடுதலாக 13.5 சென்ட் மிச்சம். 2033 டிசம்பர் வரை இதை நீட்டித்திருக்கிறார்கள். லாபத்தில் ஓடும் கம்பெனிக்கு நல்ல விஷயம். எங்களைப் போல வரி கட்டும் அளவுக்கு லாபமே இல்லாதவர்களுக்கு அந்த வருடத்தில் கைக்கு ஒன்றும் வராது.

எங்களுக்குத் திறந்தது எந்தக் கதவு என்று எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அது அங்கே மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்மேல் போய் விழக் கூடாது. மானியம் என்ற பொருளைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் விண்ணப்பத்தை நாங்களாக எழுதவில்லை. 2020இல் ஒரு ஆலோசனை நிறுவனம் எங்களைப் பிடித்துக்கொண்டது. முன்பணம் 45 ஆயிரம் ரேண்ட், மானியம் கிடைத்தால் அதில் 12 சதவீதம். அவர்கள் எழுதித் தந்த 60 பக்கத்தை வாசித்தபோது எனக்கே நம் பொருளை அடையாளம் தெரியவில்லை. சந்தை எத்தனை கோடி, எத்தனை வேலைவாய்ப்பு, உலகத் தரம், புரட்சி என்று பக்கம் பக்கமாக இருந்தது. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒன்றரைப் பக்கம். அதிலும் பாதி என் பழைய விளம்பரத் தாளிலிருந்து எடுத்தது. 2021 தொடக்கத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "இத்திட்டத்தில் தீர்க்கப்பட வேண்டிய தொழில்நுட்ப ஐயம் எது என்பது தெளிவாக இல்லை." முன்பணம் போனது போனதுதான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு வரியோடு இரண்டு வாரம் இருந்தேன். வாடிக்கையாளரிடம் நாம் எப்போதும் தெரிந்ததைத்தான் பேசுவோம். "இது தெரியாதுங்க" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் யார் மோட்டாரைக் கொடுப்பார்கள்? மானிய விண்ணப்பத்தில் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறார்கள். உனக்கு எது தெரியாது, இந்தத் துறையில் கைதேர்ந்த இன்னொருவனுக்கும் எது தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள என்ன சோதனை செய்யப்போகிறாய், எத்தனை நாளில், எவ்வளவு செலவில். ஆராய்ச்சி எது என்று வரையறுக்க உலகம் முழுக்க அரசாங்கங்கள் புரட்டும் ஃப்ரஸ்காட்டி கையேடு என்று ஒன்று உண்டு. 1963இல் முதலில் வந்தது. 2015 பதிப்பில் ஐந்து அடையாளம் சொல்கிறார்கள்: புதியதாக இருக்கணும், சொந்த யோசனையிலிருந்து வரணும், முடிவு முன்கூட்டியே தெரியாததாக இருக்கணும், திட்டமிட்டுச் செய்யணும், இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியணும். இதில் மூன்றாவதைத்தான் நாங்கள் 60 பக்கத்திலும் சொல்லாமல் விட்டிருந்தோம்.

தம்பியும் நானும் உட்கார்ந்து, தெரிந்தது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம் என்று நோட்டில் கோடு போட்டு எழுதினோம். தெரிந்தது இது: நாலு துருவ (போல்) மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று, அதாவது நொடிக்கு 24 சொச்சம். கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ரோட்டர் நடுவில் ஓடாமல் கொஞ்சம் ஆடினால், 50இலிருந்து 24ஐக் கழித்த இடத்திலும் கூட்டிய இடத்திலும், 26 பக்கமும் 74 பக்கமும், கரண்டின் அலைவரிசையில் இரண்டு சின்ன மேடு எழும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, இதற்கு யாரும் மானியம் தரமாட்டார்கள். தெரியாதது மூன்று. ஒன்று, வோல்டேஜ் 400இலிருந்து 340க்கு இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும் கிராமத்து லைனில் அந்த மேடு கண்ணுக்குத் தெரியுமா? இரண்டு, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் குப்பை அடைத்துப் பம்பு திணறும்போதும் கரண்ட் தாறுமாறாகத்தான் ஆடும், அதையும் பேரிங் தேய்மானத்தையும் பிரித்துச் சொல்ல முடியுமா? மூன்று, இந்தக் கணக்கை எல்லாம் 100 ரேண்டுக்குள் கிடைக்கும் ஒரு சில்லு (சிப்) போட்டு முடிக்குமா?

இரண்டாவது விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் பகுதி நாலே பக்கம். இந்த மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சோதனை, சோதனை தோற்றால் என்ன செய்வோம், அவ்வளவுதான். சந்தையைப் பற்றி ஒரு பக்கம். 2021 ஆகஸ்டில் கொடுத்தோம். நவம்பரில் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று எங்களிடம் ஒன்றேகால் மணி நேரம் வீடியோவில் பேசியது. அதில் ஒரு அம்மா மின் இயந்திரங்கள் நன்றாகத் தெரிந்தவர். "வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய மோட்டாரில் உங்கள் 26ம் 74ம் எங்கே போகும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "அதை நாங்கள் தொடவில்லை, இப்போதைக்கு நேரடி ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும்தான்" என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். 2022 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்படி ஒருவர் நம் வேலையை வரிவரியாகப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பது, எந்த பேங்க் மேனேஜரும் எங்களுக்குச் செய்யாத மரியாதை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம் அதுதான்.

இனி பங்கு விவகாரம். புதிதாக வந்த தமிழர்கள் இதைக் கவனமாகப் படிக்கணும். இங்கே பல அரசுத் திட்டங்களில் கம்பெனியில் கறுப்பினத்தவர் பங்கு எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து உதவி மாறும். எஸ்பிஐஐயின் சின்னப் பிரிவில் அந்தப் பங்கு 25 சதவீதம் வரை இருந்தால் செலவில் 50 சதவீதம், 50 சதவீதம் வரை இருந்தால் 75, அதற்கு மேலே போனால் 85 என்று விதி இருந்தது. சட்டப்படி கறுப்பினத்தவர் என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூன்று பேரும் சேர்த்தி. "அப்போ நாமும் இந்தியர்தானே" என்று நினைக்கத் தோன்றும். கிடையாது. பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருக்கணும், இல்லாவிட்டால் 1994 ஏப்ரல் 27க்கு முன்னால் குடியுரிமை பெற்றிருக்கணும். நிறவெறிச் சட்டத்தால் அப்போது பெற முடியாமல் போனவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2017இல் குடியுரிமை வாங்கிய நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். தம்பி வருவார். ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே கொட்டகை. காகிதத்தில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வகை.

முதலில் எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது, மறைக்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா, அதாவது தம்பியின் அம்மா, பழைய பெட்டியிலிருந்து அவர் வீட்டுக்காரரின் சான்றிதழை எடுத்துக் காட்டினார். டர்பனில் எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜ், ஃபிட்டர் படிப்பு. இந்தியர்களுக்கென்று இருந்த காலேஜ் அது. அதே ஊரில் இன்னொரு டெக்னிக்கல் காலேஜ் இருந்தது, அது வெள்ளையர்களுக்கு. இரண்டும் ஒன்றாகி இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது 2002இல்தான். அந்த மனிதர் ஆலையில் முப்பது வருடம் வேலை செய்தும், தனக்குக் கீழே வேலை கற்ற வெள்ளைக்காரப் பையன்கள் தனக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றார். நான் 2009இல் விமானத்தில் வந்து இறங்கியவன். அந்த விதி நியாயமானதுதான் என்று அன்றைக்கு மனசார ஒத்துக்கொண்டேன். 60க்கு 40 என்று பங்கு பிரித்தோம், 60 தம்பிக்கு. பேருக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு சதவீதம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம், சட்டத்தில் சிறைத்தண்டனை வரைக்கும் இருக்கிறது. தம்பி நிஜமாகவே பாதிக்கு மேல் வேலை செய்கிறவர், அதனால்தான் அந்தக் காகிதத்தில் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

மற்ற காகிதங்கள் சுலபம். கம்பெனிகளையும் காப்புரிமைகளையும் பதியும் சிஐபிசி ஆணையத்தில் பதிவு, வரித் துறையான சார்ஸிலிருந்து வரி நிலுவை இல்லை என்பதற்கான பின் (PIN) எண், பேங்க் கடிதம். வருட விற்பனை ஒரு கோடி ரேண்டுக்குக் கீழே இருந்தால், மேலே சொன்ன கறுப்பினத்தவர் பங்குக்கான சான்றிதழுக்குத் தணிக்கையாளரிடம் போகவேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் சத்தியப் பிரமாணம் செய்தால் போதும், காசு கிடையாது, ஒரு வருடம் செல்லும். இதற்குக்கூட ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். பணம் முன்னால் வராது. நாம் செலவு செய்யணும், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஆளுக்கு ஆள் மணிக்கணக்கு, சோதனை அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பணும், அவர்கள் சரிபார்த்து நம் செலவில் மானியப் பங்கைத் திருப்பித் தருவார்கள். எங்கள் திட்டச் செலவு மொத்தம் 10 லட்சத்து 60 ஆயிரம், அதில் 7,40,000 அவர்கள், 3,20,000 நாங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. முதல் காலாண்டில் 1,90,000 செலவழித்துக் கணக்கு அனுப்பினோம். பணம் வந்தது 19 வாரம் கழித்து. அதற்குள் இரண்டாவது காலாண்டுச் செலவும் எங்கள் தலையில்தான். ஆக, 3,20,000 போட்டால் போதும் என்று நினைத்து இறங்கிய நாங்கள், ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் ரேண்ட் சொந்தப் பணத்தை வெளியே விட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த ஐந்து மாதமும் பகலில் ஆராய்ச்சி, ராத்திரி ரீவைண்டிங். 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டி வார்னிஷ் போட்டு முடிக்கும்போது மணி ஒன்று ஆகிவிடும். என் மனைவி அந்த நாட்களில் கணக்குப் பார்த்ததை வைத்துத்தான் வீட்டு வாடகை தப்பியது. இதில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் (வாட்) இருக்கிறது. அதை மானியக் கணக்கில் சேர்க்க முடியாது, வாட் பதிவு இல்லாத சின்னக் கம்பெனிக்கு அது முழு நஷ்டம்.

சின்னக் கம்பெனிக்கென்று ஒரு திட்டத்தைப் போட்டுவிட்டு, கையில் 4 லட்சம் இருப்பவனால் மட்டும்தான் அதை ஓட்ட முடியும் என்று வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் காலாண்டுக்கு மட்டுமாவது முன்பணம் கொடுத்து, மீதியை ரசீதுக்குக் கொடுத்தால் என்ன? அப்படிச் செய்திருந்தால் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரன், இன்சுலின் குளிர்பெட்டி செய்துகொண்டிருந்தவன், ஒப்பந்தம் கையில் வந்தும் விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டான். அந்தப் பெட்டியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தும் உள்ளே 7 டிகிரியைத் தாண்டவில்லை. அது கடைக்கு வந்திருக்க வேண்டிய பொருள்.

அமெரிக்காவில் இதே மாதிரி எஸ்பிஐஆர் (SBIR, சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம்) என்று ஒன்று 1982 சட்டத்தால் வந்தது. அதற்கும் முன்னால், 1977இல் அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் தொடங்கிய சோதனைத் திட்டம்தான் அதன் மூலம். ஆராய்ச்சிக்குப் பெரிய தொகை வெளியே கொடுக்கும் ஒவ்வொரு துறையும் அதில் ஒரு பங்கை (பின்னால் வந்த திருத்தங்களில் அது 3.2 சதவீதமாக உயர்ந்தது) 500 பேருக்கு மேல் இல்லாத கம்பெனிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று சட்டமே சொன்னது. முதல் கட்டம் யோசனை சரியா என்று பார்க்க, இரண்டாவது கட்டம் உருவாக்க, மூன்றாவது கட்டத்தில் அரசுத் துறையே பொருளை வாங்கலாம். இந்த மூன்றாவது படிதான் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எங்கள் கருவியை முதலில் வாங்க வேண்டியது நகராட்சி நீரேற்று நிலையங்கள்தான். ஆனால் மானியம் கொடுத்த அரசுக்கும் பம்பு ஓட்டும் அரசுக்கும் நடுவில் இங்கே பாலம் இல்லை. கோவையில் என் பழைய பட்டறை நண்பன் ஒருவன் இந்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரி செய்ய 10 லட்சம் இந்திய ரூபாய்க்குள் ஒரு தொகை வாங்கினான். தொகை சின்னதுதான், ஆனால் புதுத் தொழில்களை வளர்க்கும் தொழில் காப்பகத்திலேயே லேத்தும் மீட்டரும் கிடைத்ததால் அவன் கைக்காசு போடவில்லை.

குறை சொன்ன அதே வாயால் ஒரு நல்லதையும் சொல்லணும். 2022 ஏப்ரல் வெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பம்பு சோதனை செய்கிறவனுக்குத் தண்ணீர் இல்லை! லாரித் தண்ணீருக்குப் பெரியம்மா வரிசையில் நிற்கும்போது, 2,000 லிட்டர் தொட்டியில் நான் எப்படிப் பம்பு ஓட்டுவேன்? என்ன நடந்தது என்று ஒரு பக்கக் கடிதமும் நாலு போட்டோவும் அனுப்பினோம். பத்தே நாளில் நாலு மாத நீட்டிப்பு வந்தது, ஒரு கேள்வி இல்லை. அடுத்த வருடம் லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6இல் நாளுக்குப் பத்து மணி நேரம் போனபோதும், சோதனை அட்டவணையை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

சோதனை எப்படிச் செய்தோம் என்றும் சொல்கிறேன். 6208 பேரிங் இருபது வாங்கினோம். அஞ்சைப் புதிதாகவே வைத்தோம். மற்றவற்றின் கிரீஸில் வெஸ்ட்புரூக் கடற்கரை மணலைச் சலித்து, கால் டீஸ்பூன், அரை டீஸ்பூன், ஒரு டீஸ்பூன் என்று கலந்தோம். ஒவ்வொன்றையும் 40 மணி நேரம் ஓட்டினோம். அரை டீஸ்பூன் மணல் போட்ட பேரிங், 11ஆம் மணி நேரத்தில் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஸ்க்ரூ டிரைவரை வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்டாலும் தெரியவில்லை. ஆனால் திரையில் 74க்குப் பக்கத்தில் எறும்புப் புற்று மாதிரி ஒரு மேடு கிளம்பியிருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டினார். முதல் கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது, ஆமாம், தெரியும், 350 வோல்ட்டுக்குக் கீழே போகாதவரை.

இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியாது. ஃபுட் வால்வு அடைப்பையும் பேரிங் தேய்மானத்தையும் கரண்டை மட்டும் வைத்து எங்களால் பிரிக்க முடியவில்லை. ஏழு மாதம் முயன்றோம். அப்படியே அறிக்கையில் எழுதினோம், எத்தனை முறை எப்படித் தவறியது என்று அட்டவணை போட்டு. பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டுதான் அனுப்பினேன். நிறுத்தவில்லை. சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது, முடிவு எதிர்மறை, ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது, அந்தத் தவணையும் வந்தது. வட்டிக்கு வாங்கிய கடனில் இது நடக்குமா? முதலீட்டாளர் காசில் நடக்குமா? தோற்றதை மறைக்காமல் எழுதச் சம்பளம் கொடுக்கும் ஒரே இடம் இது. கடைசியில் உறிஞ்சு குழாயில் ஒரு சின்ன அழுத்த மானி சேர்த்து அந்தப் பிரச்சினையைச் சுற்றிப் போனோம். கருவி விலை 380 ரேண்ட் கூடியது. மூன்றாவது கேள்வி, சில்லு விஷயம், சுலபமாக முடிந்தது.

இந்த நோட்டு எழுதும் பழக்கத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா ஒருநாள் டீயை வைத்தபடி, "இன்னா கண்ணு, எழுதிக்கினே இருக்கே? மோட்டாருக்கு லெட்டரா?" என்றார். அவர் பேசுவது ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ், 1860க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்து இத்தனை காலம் வாயிலேயே காப்பாற்றியது. தேதி, மணி, யார் செய்தது, என்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளும் எழுதியே ஆகணும் என்பது மானிய நிபந்தனை. தணிக்கைக்கு வந்தவர் முதலில் கேட்டதும் அந்த நோட்டைத்தான். அப்புறம் ஆசிலோஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்துச் சீரியல் நம்பரைச் சரிபார்த்தார். மானியத்தில் வாங்கிய சாமான் எல்லாம் பட்டியலில் இருக்கணும், அவர்கள் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

வரி பற்றி ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டம் 11ஆம் அட்டவணையில் பெயர் இருக்கும் மானியங்களுக்கு வரி இல்லை. ஆனால் மானியப் பணத்தில் செய்த செலவைத் திரும்ப நம் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. கணக்குப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காப்புரிமைக்கு முதல்கட்ட விண்ணப்பம் சிஐபிசியில் நாங்கள் போட்டபோது வெறும் 60 ரேண்ட். அதைப் போட்டுவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கணும். யாரிடமாவது கருவியைக் காட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது. நாங்கள் வீடியோ நேர்காணலுக்கு முந்தைய வாரம் போட்டோம்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 3.5. கேள்வி கேட்ட விதத்துக்கும், தோல்வியை ஏற்றுக்கொண்டதற்கும், வெள்ளத்தில் நடந்துகொண்டதற்கும் முழு மார்க். பணம் வரும் முறைக்குத்தான் ஒன்றரை குறைக்கிறேன். திட்டச் செலவில் 40 சதவீதமாவது கையில் வைத்திருப்பவர்கள், அல்லது ராத்திரி வேலை செய்து ஈடுகட்டும் தொழில் ஒன்று தெரிந்தவர்கள், இறங்கலாம். பொருள் ஏற்கெனவே தயாராக இருந்து விற்கத்தான் பணம் வேண்டும் என்றால் இந்தப் பக்கம் வரவேண்டாம், விளம்பரம், வண்டி, உற்பத்தி மெஷின் எதுவுமே இதில் சேராது. சதவீதம் கேட்கும் ஆலோசகர் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். தொழில்நுட்பப் பகுதியை, கையில் கிரீஸ் படுகிற ஆளே எழுதட்டும், இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, என் இங்கிலீஷும் அப்படித்தான்.

2024 ஜூனில் கடைசி அறிக்கை கொடுத்தோம். இப்போது பொங்கோலாவில் 23 மோட்டாரில் எங்கள் கருவி ஓடுகிறது. நிராகரிக்கப்பட்ட 60 பக்கமும், ஏற்கப்பட்ட நாலு பக்கமும் பட்டறையில் ஒரே கோப்பில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் வரலாம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம், பெரியம்மா டீ போடுவார்.